மத்தியானத்தில் ஒரு பெரட்டு

மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வர இலங்கைக்குப் போனேன். கூட்டியும் வந்துவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். "ஒரே மழை" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தை வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். என் ஒரே மகள் ஸ்டெல்லா, இங்கே கல்லூரியில் படிக்க வந்த சேவியரைக் கட்டிக்கொண்டு, அவர் ஊரான கொஸ்லந்தைக்குப் போய்விட்டாள். அது மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள சின்ன ஊர். அங்கே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் மருமகன் வாத்தியார். அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் புறப்பட்டேன். மழைக்காலத்துக்காகக் கப்பலை நிறுத்துவதற்கு முன்னால் அவளோடு திரும்பிவிட வேண்டும் என்பது கணக்கு.

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறியபோது தெற்கே தனுஷ்கோடிப் பக்கம் பார்த்தேன். மணல்தான் தெரிந்தது. ஒரு ஊரையே புயல் கொண்டுபோன இடம். பக்கத்தில் நின்றவர் முறுக்கு நீட்டினார். வாங்கிக்கொண்டேன், தின்ன முடியவில்லை. அந்தக் கடலைப் பார்த்த நேரத்திலேயே எனக்குப் பயம் பிடித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

மலை ரயிலில் என் எதிரே ஹனீபா நானா என்பவர் உட்கார்ந்திருந்தார். பதுளையில் இரும்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. நானா என்றால் அவர்களிடையே அண்ணன் என்று அர்த்தம். சில வருஷங்களுக்கு முன் கிழக்குக் கரையில் அடித்த சூறாவளியைப் பற்றி அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். அவருடைய மாமியின் வீடு அந்தப் பக்கம்.

"மாமிட காணியில ஒரு தென்ன நிக்கல்ல டீச்சர். எல்லாத்தையும் ஒரே பக்கமா படுக்க வெச்சிட்டுப் போயிட்டு. தலை வாரின மாதிரி."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. பள்ளி நூலகத்துக்கு வரும் அறிவியல் மாத இதழில் படித்ததையெல்லாம் கொட்டினேன். உலகம் முழுக்க நிலக்கரியும் பெட்ரோலும் எரிகின்றன. அந்தப் புகையில் உள்ள கரியமில வாயு பூமிக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி நின்றுவிடுகிறது. வெயில் உள்ளே வருகிறது, சூடு வெளியே போவதில்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிறது. புயலுக்குத் தீனி கடலின் சூடுதான். அதோடு, சூடான காற்று கூடுதலாக ஈரத்தைத் தூக்கிக்கொள்ளும், இறக்கும்போது மொத்தமாக இறக்கும். கறுப்புப் பலகை முன்னால் நிற்பதுபோல் கையை ஆட்டிப் பேசினேன். நானா தலையை அசைத்துக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே பால் போலப் பனி.

"வெளங்குது டீச்சர்," என்றார் கடைசியில். "ஆனா தலைக்கு மேல கூரை பறக்கிற நேரம், கடல் சூடா குளிரா எண்டு எவன் பாக்கப் போறான்? சரி, நீங்க எங்க இறங்கோணும்?"

"அப்புத்தளை."

அவர் ஜன்னலைத் தூக்கி வெளியே எட்டிப் பார்த்தார். "அது போயிட்டு. தியத்தலாவையும் போயிட்டு. இது பண்டாரவளை."

என் பெட்டி அவருடைய ஆணி மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. அதை இழுப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அப்புத்தளை மேடையில் மருமகன் குடையோடு நின்றுகொண்டிருப்பார். நான் பூமியின் சூட்டைப் பற்றிப் பேசியபடியே அவரைக் கடந்து வந்திருக்கிறேன். நானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கடைசி ஸ்டேசன் வரைக்கும் வாங்க. பதுளைக்கு அங்கால ரயில் போக ஏலாது, அதனால தவற விடுறதுக்கு ஒண்டும் இல்ல."

பதுளையில் அவர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி அப்புத்தளைக்குப் போன் பண்ண வைத்தார். இரவு அவர் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி இடியாப்பமும் சொதியும் மாசிச் சம்பலும் வைத்தார். மாசி என்பது காய்ந்த மீன். விறகுக் கட்டை மாதிரி இருக்கிறது, இடித்துப் போட்டால் தட்டைத் துடைத்துச் சாப்பிட வைக்கிறது. முன்பின் தெரியாத ஒருத்திக்கு அவர்கள் தங்கள் கட்டிலைக் கொடுத்துவிட்டுக் கீழே பாய் விரித்துக்கொண்டார்கள். திருச்சியில் என் வீட்டு வாசலில் வழி தவறி ஒரு முஸ்லிம் பெண் வந்து நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். வேகமாகத் தூங்க முயன்றேன்.

காலையில் சேவியர் வந்தார். "என்னங்க அத்தை, எங்க ஊரு பிடிக்காம தாண்டிப் போய்ட்டீங்களா?" என்றார். கோபமே இல்லை.

பஸ் பெரகல சந்தியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. முன்னால் ரோட்டின் மேல் சிவப்பு மண் குவிந்து கிடந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். சேவியர் எனக்குச் சொன்னார்: "மலை குளிச்சிட்டிருக்கு, பொம்பளைங்க குளிக்கிறப்ப அவசரப்படுத்தக் கூடாதுங்கறாரு."

நாங்கள் இறங்கி மண்மேட்டின் மேல் நடந்து, அந்தப் பக்கம் நின்ற இன்னொரு பஸ்ஸில் ஏறினோம். சேற்றில் என் ஒரு செருப்பு போயிற்று. மண் வெட்டிக்கொண்டிருந்த ஒரு சிங்களக் கிழவர் அதைத் தோண்டி எடுத்து, புல்லில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். எங்கள் ஊரில் தண்ணீர் கீழேயிருந்து வரும். காவிரி ஏறினால் மாடிக்குப் போய்விடுவோம், அங்கே உட்கார்ந்து வேடிக்கைகூடப் பார்ப்போம். இங்கே அது மேலேயிருந்து வருகிறது. ரோட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் மனதில் ஏறவில்லை.

தோட்டத்தில் தொழிலாளர்கள் இருப்பது லயம் என்கிற வரிசை வீடுகளில். நீளமாக ஒரே தகரக் கூரை, குடும்பத்துக்கு ஒரு அறை, முன்னால் ஒரு சின்ன இடைகழி. வாத்தியாருக்கென்று தனி வீடு இல்லாததால் என் மகளும் அங்கேதான், மாமியாரின் அறையை அடுத்த அறையில் இருந்தாள். லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக ஏறியது. முழுக்கத் தேயிலை. ஒரு பெரிய மரம் கிடையாது.

ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த மலையைத்தான் பார்த்தேன்.

"நாளைக்கே கிளம்பலாம்," என்றேன்.

"இப்பத்தானேம்மா வந்தே. இவரு ஸ்கூல்ல லீவு சொல்லணும். மழை கொஞ்சம் விடட்டும்."

"மழை விடாது."

"விடும் சம்பந்தி," என்றார் பின்னாலிருந்து ரீத்தம்மா. சேவியரின் அம்மா. கொழுந்து பறித்துவிட்டுக் கூடையோடு வந்திருந்தார். "விடாம எங்க போகப் போவுது? அதுக்கும் கால் வலிக்கும்ல."

மறுநாள் சாயங்காலம் லயத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்டெல்லாவுக்கு வளையல் அடுக்கினார்கள். மாதா படத்துக்கு முன்னால் பாய் போட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தி வந்து தன் கையால் கண்ணாடி வளையல் போட்டாள். வேல் கும்பிடுகிறவர்களும் வந்தார்கள், மாதா கும்பிடுகிறவர்களும் வந்தார்கள். பறித்துப் பறித்துக் கறுத்த விரல்கள். வளையலை உடையாமல் மணிக்கட்டில் ஏற்றுவதில் அத்தனை பக்குவம். நான் திருச்சியிலிருந்து கொண்டுபோன தங்க முலாம் வளையலை எடுக்கவே இல்லை. இவர்கள் போட்டதற்கு முன்னால் அது பொய்யாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு பேச்சு மழைக்கு வந்தது. நான் மறுபடி வாத்தியாரானேன்.

"கடல் சூடாகுது," என்றேன்.

"எங்களுக்குக் குளிருதே," என்றார் ரீத்தம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

சேவியர் மட்டும் கவனமாகக் கேட்டார். "தொரைங்க ஊருலதான் அத்தை அவ்வளவு நெலக்கரியும் எரிச்சாங்க. இருந்த காட்டையும் வெட்டித் தேயிலை போட்டாங்க. அப்ப சரியறது மட்டும் நம்ம மலையா?"

"காற்று எல்லாருக்கும் ஒன்றுதானே," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது பதிலாகத் தோன்றவில்லை. எரித்தவன் யாரோ, அவன் வீடு இந்தச் சரிவில் இல்லை. என் வீடும் இந்தச் சரிவில் இல்லை.

விடியற்காலையில் ஒரு பறைச் சத்தம் என்னை எழுப்பியது. இவர்கள் அதைத் தப்பு என்கிறார்கள். சின்னையா என்பவர் தினமும் அதை அடிப்பார். அதைக் கேட்டதும் எல்லாரும் எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். ஆள் கூட்டி வேலை பிரிப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். நானும் ரீத்தம்மாவோடு வேடிக்கை பார்க்கப் போனேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் ஒரு சமதரை. அதன் பின்புறம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய உயரமான கருங்கல் சுவர். அது மலையைத் தாங்கி நின்றது. கல்லிடுக்குகளில் தெளிந்த தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பெண்கள் தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குச் சாக்குமாக அவரவர் கங்காணிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். மேற்பார்வை பார்க்கும் கண்டக்டரையா வந்து பேர் கொடுக்கும்வரை யாரும் அசையக் கூடாது. அசைந்தால் அன்றைய பேர் போச்சு. பேர் என்றால் ஒரு நாள் கூலி. மழையில் வேலை பாதியில் நின்றால் அரைப்பேர்.

அடுத்த நாட்களில் மழை வலுத்தது. சேவியர் பதுளையில் கல்வி அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுக்கப் போனார். போன பிறகு பெரகலப் பக்கம் ரோடு மறுபடி அடைத்துக்கொண்டது. அவரால் திரும்ப முடியவில்லை. ரேடியோவில் வங்கக் கடலில் புயல், கிழக்குக் கரையை நோக்கி வருகிறது என்றார்கள். லயத்துப் பெண்கள் பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு செய்திக்கும் வாசலில் போய் மலையைப் பார்த்தேன்.

"அம்மா, உட்காரேன்," என்றாள் ஸ்டெல்லா. "நீ நடக்கறதைப் பார்த்தா எனக்கு வலி வந்துடும் போல இருக்கு."

அன்று காலைப் பெரட்டில், மழையால் வேலை இல்லை என்று எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் கண் தெரியாத மழை. லயத்துக்குப் பின்னால் உள்ள கான் என்கிற வடிகாலில் தண்ணீர் காப்பி நிறத்தில் புரண்டது. அறைக்குள் வந்து ஸ்டெல்லாவின் கட்டில் காலை நனைத்தது. அப்போதுதான் நான் குடையை எடுத்துக்கொண்டு சின்னையாவின் அறைக்குப் போனேன்.

அவர் அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும்.

"மலை சரியப் போகுது. தப்பை அடிச்சு எல்லாரையும் வெளியே வரச் சொல்லுங்க. மேலே டீ ஃபேக்டரிக்குப் போயிடலாம்."

"கண்டக்டரையா சொல்லாம தப்பத் தொடக் கூடாதுங்க டீச்சரம்மா."

"உயிர் போற விஷயம். நான் பொறுப்பு."

பொறுப்பு என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். இருபது வருஷமாக வகுப்பில் சொல்லிப் பழகிய குரல். அவர் எழுந்துவிட்டார். தோலை அடுப்பில் காட்டிக் காய்ச்சிக்கொண்டே கேட்டார்:

"எந்த அடிங்க வேணும்? பெரட்டுக்கு ஒண்ணு இருக்கு. சாவுக்கு ஒண்ணு. திருநாளுக்கு ஒண்ணு."

"எல்லாரும் வெளியே வரணும். எதை அடிச்சா வருவாங்க?"

"பெரட்டு அடிச்சாத்தான் வருவாங்க."

"அதையே அடிங்க."

வந்தார்கள். கதவுகள் திறந்தன, கம்பளியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அரைப்பேராவது கிடைக்கும் என்ற சந்தோஷம் அந்த ஓட்டத்தில் தெரிந்தது. ஆனால் யாரும் மலையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகப் பெரட்டுக்களத்துக்குப் போய், அந்தக் கருங்கல் சுவருக்குக் கீழே, வரிசை வரிசையாக நின்றார்கள். அந்த அடிக்கு அவர்கள் போகிற இடம் அதுதான். அங்கே பிறந்ததிலிருந்து அதுதான். நான் ஒருத்திதான் அது வெறும் மணியோசை என்று நினைத்துவிட்டேன்.

"இந்த மழையிலயா கொழுந்து?" என்றாள் ஒருத்தி.

"கொழுந்து குளிச்சு முடிச்சிருச்சாம், நாம போய்த் துவட்டணுமாம்."

"நில்லுங்கடி, கண்டக்டரையா வந்துருவாரு."

நான் முன்னால் போய்க் கத்தினேன். "இங்கே நிக்காதீங்க. மேலே போங்க, ஃபேக்டரிக்குப் போங்க."

"யாரு இந்தம்மா?"

"நம்ம ஸ்டெல்லா அக்காவோட அம்மா."

"இந்தியாவுல மத்தியானந்தான் பெரட்டு எடுப்பாங்க போல."

சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை. நான் கண்டக்டரையா இல்லை. என் பேச்சுக்கு வரிசையை விட்டு நகர்ந்தால் பேர் போகும். நான் இன்னும் ஏதேதோ சொன்னேன். புயல், வங்கக் கடல், காற்றில் ஈரம். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அப்போது சுவரைப் பார்த்தேன். கல்லிடுக்குகளில் வருகிற தண்ணீர் சிவந்திருந்தது. மண்ணோடு வந்தது. ஒரு கல்லுக்கு மேலே சுவர் கர்ப்பிணி வயிறு போலத் துருத்திக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா என்னைத் தேடிக் குடையோடு வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு வேறு யாரும் தெரியவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்து, ஃபேக்டரிக்கு ஏறுகிற பாதையில் இழுத்துக்கொண்டு நடந்தேன். அத்தனை பேரை அந்தச் சுவருக்குக் கீழே கூட்டி வைத்துவிட்டு, என் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா, விடு. அவங்க நிக்கறாங்க."

"வா."

"அம்மா."

அவள் கையை உருவினாள். நான் விடவில்லை. என் பிடிக்குள் வளையல்கள் நொறுங்கின. அவள் கை விடுபட்டுவிட்டது. மணிக்கட்டில் ரத்தத்தோடு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வழுக்குகிற பாதையில் கீழே இறங்கிப் போனாள். "அத்தே, செவத்தப் பாருங்க" என்று அவள் ரீத்தம்மாவைக் கூப்பிட்டது கேட்டது.

என் சம்பந்தி சுவரைப் பார்த்தார். ஒரு வினாடிதான். பிறகு வரிசைக்கு முன்னால் வந்து, இடுப்பில் கையை ஊன்றி, கழுத்தைச் சாய்த்து, கண்டக்டரையாவின் குரலை அப்படியே எடுத்தார்.

"ஏய், பெரட்டு கலைஞ்சிருச்சு. எல்லாம் மாதா கோயில் மேட்டுக்கு வெறகு பொறுக்கப் போ. முழுப் பேரு. வெரசாப் போ."

ஒரு சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். முழுப் பேர் என்றதால் நகர்ந்தார்களா, காதுக்குப் பழகிய அந்தக் கட்டளைக்கு நகர்ந்தார்களா, தெரியாது. மாதா கோயில் மலைக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பக்கவாட்டில், பாறை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டில் இருந்தது. பின்னால் சரிய எதுவும் இல்லாத இடம். அந்த மேடு இத்தனை நாளும் என் கண் முன்னால்தான் இருந்தது. ஆபத்து என்றால் மேலே ஏற வேண்டும் என்பது காவிரிக்கரைக்காரியின் புத்தி.

கடைசி வரிசை தள்ளிப் போனபோது சுவர் விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. லாரியில் கருங்கல் கொட்டுகிற சத்தம், அவ்வளவுதான். பெரட்டுக்களத்தில் பாதியை மண் மூடியது. கொட்டகையின் தூண்கள் மடங்கின. தப்பு நனையக் கூடாது என்று அதற்குள் வைக்கப் போயிருந்த சின்னையா உள்ளே இருந்தார்.

நான் எங்கே இருந்தேன்? பாதையில், உயரத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு, பத்திரமாக நின்றேன். கீழே எல்லாரும் ஓடி வந்து கையால் மண்ணைத் தள்ளினார்கள். என் மகளும் தள்ளினாள். நான் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். ஒரு கால் திரும்பிக் கிடந்தது. உயிர் இருந்தது.

சாக்கைக் கம்பில் கட்டி அவரைத் தூக்கிப் போனார்கள். அடைத்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள கிராமத்து லாரி நின்று ஏற்றிக்கொண்டது. நானும் ஏறினேன். ஏறாமல் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கானில் வந்த தண்ணீர் அறைகளை நனைத்ததோடு சரி. அன்று மத்தியானம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சுவர் ஆளில்லாத களத்தில் விழுந்திருக்கும்.

பதுளை ஆஸ்பத்திரியில் சேவியர் வந்து சேர்ந்துகொண்டார். செய்தி கேட்டு ஹனீபா நானா சோற்றுக் கூடையோடு வந்தார். என்னைப் பார்த்தவர், ரயிலில் பேசியதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "இஞ்சி போட்ட பிளேன்டீ இரிக்கி, குடிங்க டீச்சர்" என்றார். பால் இல்லாத அந்தத் தேநீரை நான் அழுதுகொண்டே குடித்தேன்.

கண்டக்டரையாவும் வந்து பார்த்தார். யார் அடிக்கச் சொன்னது என்று விசாரித்தார்.

"நான்தான் சொன்னேன். சின்னையா வேண்டாம் என்றுதான் சொன்னார்," என்றேன்.

"சரிங்க டீச்சர், நீங்க விருந்தாளி," என்றார் மரியாதையாக. பிறகு கட்டிலின் பக்கம் திரும்பி, "ஆனா நீ தோட்டத்து ஆளு. ஒனக்குத் தெரியாதா?" என்றார். நான் மேலும் பேசினேன். அவர் தலையாட்டினார். என்னிடம் கோபப்பட அவர் தயாராகவே இல்லை. எனக்கு வர வேண்டியது கட்டிலில் படுத்திருந்தவருக்குப் போனது.

அவர் போன பிறகு சின்னையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. வேறு ஒன்று கேட்டார்.

"டீச்சரம்மா, கடலு சூடாவுதுன்னு லயத்துல சொன்னீங்களாமே. இந்த மழ அதனால வந்ததுங்களா?"

"அப்படி அடித்துச் சொல்ல முடியாது. இந்த மாதத்தில் மழையும் புயலும் உங்கள் பாட்டன் காலத்திலும் வந்திருக்கும். கடல் சூடானால் வருகிற புயல் வலுவாக வரும், கொட்டுகிற மழை கூடுதலாகக் கொட்டும் என்கிறார்கள். எந்தப் புயல், எந்த மழை என்று பிரித்துச் சொல்லப் படித்தவர்களுக்கே தெரியவில்லை."

"அப்ப படிச்சவங்களுக்கும் அரப்பேருதான்," என்றார்.

பக்கத்துக் கட்டிலில் கை ஒடிந்து கிடந்த, ஹாலிஎல என்ற ஊர்க்காரர் சிரித்தார். சின்னையா தொடர்ந்தார். "ஆனா கூடுதலா வரும்னா, அதுக்கு ஒரு அடி வேணும்ல. எங்ககிட்ட இருக்கற அடி எல்லாம் வான்னு கூப்புடற அடிங்க. பெரட்டுக்கு வா, சாவுக்கு வா, சாமிக்கு வா. போன்னு சொல்ல ஒண்ணு இல்ல." கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். வேகமாக இரண்டு, விட்டு ஒன்று. "இது எப்புடி?"

"இதக் கேட்டா நான் எந்திரிச்சுக் கல்யாண வீட்டுக்குல்ல போவேன்," என்றார் ஹாலிஎலக்காரர்.

"அப்ப வேற பாப்போம்," என்று மறுபடி தட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

ரோடு திறந்ததும் கொஸ்லந்தைக்குப் போனேன். மகளிடம் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் பெட்டி கட்டி வைத்திருந்தாள். மணிக்கட்டில் துணிக் கட்டு.

"வரேம்மா. பிள்ளைக்காக வரேன்," என்றாள்.

புறப்பட்ட விடியலிலும் பறை ஒலித்தது. சின்னையாவின் தம்பி அடித்தார். பெண்கள் பெரட்டுக்குப் போனார்கள். பாதிக் களத்தில் மண் அப்படியே கிடக்க, மீதிப் பாதியில், நிற்கிற சுவரின் மிச்சத்துக்குக் கீழே, நெருக்கி நெருக்கி வரிசையாக நின்றார்கள். வளையல் போட்ட கைகள். எங்களைப் பார்த்துக் கைகாட்டினார்கள், வரிசையை விட்டு வராமல். ரீத்தம்மா மட்டும் பேர் போனாலும் பரவாயில்லை என்று ரோடு வரைக்கும் வந்தார்.

"அன்னைக்குச் சொன்ன முழுப் பேரு இன்னும் வரல சம்பந்தி," என்று சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "போய்ட்டு வாங்க. அங்க ரேடியோவுல பொயல்னு சொன்னா எங்களையும் நெனச்சுக்கங்க."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தேவலை.

சேவியர் எங்களைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பினார். கப்பலில் எங்களோடு தாயகம் திரும்புகிற தோட்டக் குடும்பங்கள் நிறைய இருந்தன. தகரப் பெட்டிகள், சுருட்டிய கம்பளிகள். பார்த்திராத ஊர்ப் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றியது போல அடங்கிக் கிடந்தது. அது சூடா குளிரா என்று பார்த்தால் தெரியவில்லை. ஸ்டெல்லா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

திருச்சி வீட்டில் என் நாத்தனார் ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஸ்டெல்லாவின் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். வலது கை நிறைய வளையல். இடது கையில் இரண்டு.

"என்னடி இது? வளைகாப்பு வளையலை யாராவது இப்படி உடைப்பாங்களா? என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன்.

"மழையில வழுக்கிட்டேன் அத்தை," என்றாள் ஸ்டெல்லா. "அம்மாதான் பிடிச்சாங்க."